முதலில் ஆண்டைத் தீர்மானி

ஆக்ஸ்ஃபோர்டு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. பணி ஓய்வு பெற்ற கையோடு மாடி அறையைக் காலி செய்துவிட்டாய் என்பதும், அங்கே மானாமதுரை ஜங்ஷனைச் சிறு வடிவில், ஓடும் ரயில்களோடு அமைக்கப் போகிறாய் என்பதும் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தன. நீ வாங்க நினைக்கும் பொருள்களின் பட்டியலையும் படித்தேன். எஞ்சின், தண்டவாளம், மின்கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் நீ கட்டப்போவது எந்த ஆண்டின் மானாமதுரை என்பதை நீ எங்கும் குறிப்பிடவில்லை. அதைத் தீர்மானிக்கும் வரை ஒரு பொருளும் வாங்காதே என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

எனக்கு இந்த எண்ணத்தை ஊட்டியது லாங் விட்டன்ஹாம் என்ற சிற்றூரில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம். என் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாததால் அடிக்கடி போய்வருகிறேன். அதை நிறுவிய ராய் இங்கிலாண்ட் 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த இளைஞர். ரயில்கள் மீது அவருக்கு இருந்த பற்று, பாதையை ஒட்டிய வேல் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் சமவெளியின் கிராமங்கள் மீதும் படர்ந்தது. கூரை வேய்ந்த பழைய வீடுகள் கண்ணெதிரே உருமாறுவதையும் மறைவதையும் கண்ட அவர், எஞ்சியவற்றை அளந்து, ஓர் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்ற கணக்கில், அதாவது ஏறத்தாழ 76-இல் ஒரு பங்காக, அட்டையில் செய்யத் தொடங்கினார். அருங்காட்சியகம் 1954-இல் உருவாயிற்று. அவர் 1995-இல் காலமான பின்னும், தன்னார்வலர்கள் அந்தச் சமவெளியை 1920களிலும் 30களிலும் இருந்தபடியே கட்டி வருகிறார்கள்.

அந்த வீடுகளின் முன் நின்றால் காலம் போவதே தெரிவதில்லை. அட்டைச் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலான கோடுகளைக் கீறி, நீர்வண்ணத்தால் ஒவ்வொரு செங்கல்லுக்கும் தனித்தனி நிறம் தீட்டியிருக்கிறார்கள். கூரை வேய, குழாய் மூட்டுகளில் சுற்றும் சணல் நாரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். காய்கறிப் பாத்திகளும் பூச்செடிகளும்கூட அந்தந்தப் பருவத்துக்கு ஏற்றவையே. இவ்வளவு உழைப்பில் உருவான பெண்டன் பார்வா என்ற அந்தக் கிராமம் எந்த வரைபடத்திலும் இல்லை என்பதை நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வீடும் உண்மையில் இருந்த ஒரு வீடு. பல ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்த வீடுகளை ஒரே தெருவில் கூட்டியிருக்கிறார்கள். காலமும் வட்டாரமும் ஒன்றாக இருப்பதால் அந்தக் கூட்டு ஊர் பொய்யாகத் தோன்றுவதில்லை.

உனக்கும் இதே வழிதான் கைகொடுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு வழி இல்லை என்பது தெரியும். உன் அறையின் நீளம் இருபது அடி, அதாவது ஏறத்தாழ ஆறு மீட்டர். எச்ஓ எனப்படும் 87-இல் ஒரு பங்கு அளவில், ஆறு மீட்டருக்குள் அடங்குவது உண்மை நிலத்தில் 522 மீட்டர் மட்டுமே. பெட்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு ஜங்ஷனின் யார்டே அதற்குள் முழுதாக அடங்காது. பாம்பன் பாலத்தையும் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பழைய பாலத்தை அளவு பிசகாமல் செய்தால் 23 மீட்டருக்கு மேல் போகும். கப்பலுக்கு வழிவிட இரு பக்கமும் மேலெழும்பிய ஷெர்ஸர் தூக்குப் பகுதியையும், அதன் இரு புறமும் சில கண்களையும் மட்டும் செய்து, மீதியைச் சுவரில் தீட்டிய கடலுக்குள் மறைத்துவிடலாம். எதை விடுவது என்று தீர்மானிக்கும் கலைஞனின் வேலைதான் இதில் கடினமானது. ஆண்டு உறுதியானால் அதில் பாதி தானாக முடிந்துவிடும்.

தண்டவாளத்தையும் ஆண்டுதான் முடிவு செய்யும். உன் பட்டியலில் உள்ள 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம், ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர் பாதைக்கு 87-இல் ஒரு பங்காகச் சரியாகப் பொருந்தும். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர் என்பதால் அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும், 16.5-இல் ஓடும் நம் பெட்டிகள் குறுகிய கால்களில் நிற்பது போலத் தெரியும். ஒரு மீட்டர் அகலப் பழைய பாதையான மீட்டர் கேஜுக்கோ 11.5 மில்லிமீட்டர் தேவை. சுவிட்சர்லாந்தின் மலைப்பாதைகளை மாதிரி செய்பவர்களுக்காக 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கடைகளில் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. எனவே, பாதை அகலமாவதற்கு முந்தைய மானாமதுரையை எடுத்துக்கொள் என்பது என் உறுதியான கருத்து. நாம் இருவரும் கல்லூரியில் சேர்ந்த 1978 எப்படி? தென்னக மீட்டர் கேஜில் ஒய்பி நீராவி எஞ்சினும் ஒய்டிஎம்-4 டீசலும் ஒரே காலத்தில் ஓடிய ஆண்டுகள் அவை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள மினியேச்சர் வுண்டர்லாந்து என்ற மாதிரி ரயில் காட்சியகத்தின் காணொளிகளைப் பார்த்துத்தான் உனக்கு இந்த ஆசை வந்தது என்று எழுதியிருந்தாய். பிரவுன் சகோதரர்கள் என்ற இரட்டையர் 2001-இல் துறைமுகக் கிடங்கு ஒன்றில் திறந்து, இன்றுவரை விரித்துக்கொண்டே போகும் அந்த உலகம் வியக்கத்தக்கதுதான். சாலைக்கு அடியில் புதைத்த கம்பியைக் காந்தத்தால் பின்பற்றிப் போகும் கார்கள், சில நிமிடங்களுக்கு ஒருமுறை இரவாகிப் பகலாகும் விளக்குகள், 2011-இல் திறந்த விமான நிலையத்தில் ஓடி மேலெழும் விமானங்கள் என்று அங்கே அசையாத பொருள் குறைவு. ஆனால் அதன் பின்னால் ஒரு பெரிய ஊழியர் படையே இருக்கிறது. ஒரு தனி மனிதர் வீட்டில் அதைப் பின்பற்றத் தொடங்கினால் எல்லா நாட்டுப் பொருள்களும் ஒரே மேசையில் சேரும். எந்த ஊரும் உருவாகாது.

காலத்தைக் கையாள்வதில் சிறு வடிவில் அமைத்த இரண்டு பழைய மாதிரி நகரங்கள் எதிர் எதிர் வழியில் போயிருக்கின்றன. நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1952-இல் திறந்த மதுரோடாம், டாக்காவ் வதைமுகாமில் 1945-இல் இறந்த ஜார்ஜ் மதுரோ என்ற இளைஞரின் நினைவாக அவர் பெற்றோர் அளித்த பணத்தில் தொடங்கியது. 25-இல் ஒரு பங்கு அளவில் அமைந்த அது, நாடு மாற மாறத் தானும் மாறுகிறது. இங்கே பீக்கன்ஸ்ஃபீல்டில் 1929-இல் ரோலண்ட் காலிங்ஹாம் என்ற கணக்காளர் தம் தோட்டத்தில் திறந்த பெக்கன்ஸ்காட்டும் பல ஆண்டுகள் அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்தது. பின்னர், 1990களின் தொடக்கத்தில், மறுபடியும் 1930களுக்கே திரும்புவது என்று முடிவு செய்து புதிய கட்டடங்களை நீக்கினார்கள். அது நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன். ஒரு நாட்டின் நினைவுச்சின்னம் நாட்டோடு சேர்ந்து வளரலாம். ஒரு தோட்டத்துக்குள் அடங்கும் ஊருக்கு ஒரு காலமே போதும்.

அமெரிக்க மாதிரி ரயில் கலைஞர் ஜான் ஆலனைப் பற்றி ஒரு காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் மான்டரேயில் தரையிலிருந்து கூரை வரை மலைகளை எழுப்பி, கண்ணாடிகளை மறைத்து வைத்து இடத்தைப் பெரிதாக்கிக் காட்டியவர். எஞ்சின் மீது புகைக்கரியும் துருவும் படிந்திருக்க வேண்டும் என்பதைப் பலருக்கும் கற்பித்தவர். 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாள்களிலேயே தீ விபத்தில் அந்த அமைப்பு அழிந்தது. இன்று நாம் அதை அறிவது அவரே எடுத்த ஒளிப்படங்களால்தான். ஆகவே முதல் பலகையை அடிக்கும் நாளிலிருந்தே படமெடுத்து வை. மின்கம்பிகளுக்குத் தரமான ஃப்யூஸ் போடு; அறையைப் பூட்டும்போது மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிடு.

ஆண்டை 1978 என்று வைத்தால் என்னென்ன வேண்டும் என்பது எனக்கே கண்ணில் தெரிகிறது. கைகாட்டி மரங்கள், எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றும் தூண், ஒற்றைப் பாதையில் செல்ல அனுமதியான டோக்கன் வளையத்தை நீட்டியபடி நிற்கும் ஊழியர், மும்மொழியில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகை, வைகையின் வறண்ட மணல், குயவர் தெருவின் சூளையும் அதன் அருகே அடுக்கிய பானைகளும். கடம் செய்யும் ஊரைக் கட்டிவிட்டுச் சூளையை விட்டுவிட்டால் யாரும் உன்னை மன்னிக்க மாட்டார்கள். மனிதர்களை உட்கார்ந்தோ, சாய்ந்தோ, காத்திருந்தோ இருக்கும்படி வை. ரயில் நகரும்போது ஓடும் நிலையில் உறைந்திருக்கும் உருவம் முழுக் காட்சியையும் கெடுத்துவிடும். நம் மீட்டர் கேஜ் எஞ்சின்கள் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது என்பதால் முதலில் ஒய்டிஎம்-4 செய். சக்கரங்களும் மோட்டாரும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டு மேல்கூட்டை மட்டும் செய்தால் போதும். ஒய்பியின் இயக்கத் தண்டுகளுக்குக் கை பழகியிருக்க வேண்டும். ஆறு பெட்டிகளும் எஞ்சினும் சேர்ந்து ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகமாகவே வரும். உன் அறைக்கு அதுவே நிறைவான ரயில். வெயிலின் சூட்டில் தண்டவாளம் நீளும். மூட்டுகளில் நூலிழை இடைவெளி விடு.

ஜனவரியில் நான் ஊருக்கு வருகிறேன். அதற்குள் அந்தக் கால யார்டின் வரைபடம் ஓய்வு பெற்ற நிலைய அதிகாரிகள் யாரிடமாவது இருக்குமா என்று விசாரித்து வை. உன் தந்தையார் எடுத்த நிலையப் படங்கள் பெட்டியில் இருக்கின்றன என்று முன்பு சொன்னாயே, அவற்றின் நகல்களை எனக்கு அனுப்பு. நடைமேடைக் கூரையின் தூண்களை அவற்றிலிருந்து வரைந்து, அட்டையில் வெட்டிக் கொண்டுவருகிறேன். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் அன்புள்ள நண்பன்