உங்கள் கையொப்பம் போதும்: சிறு சட்ட நிறுவனங்களை நடத்தும் சொலிசிட்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சொலிசிட்டர்களே,

ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் குடிவரவு, வீடு வாங்கல் விற்றல், குடும்ப வழக்கு என்று பெயர்ப்பலகை வைத்துத் தொழில் நடத்துகிறீர்கள். உங்களிடம் கேஸ் வேர்க்கராகவும் பராலீகலாகவும் (சொலிசிட்டர் தகுதி இல்லாமல் சட்ட வேலை செய்பவராகவும்) இருப்பவர்களில் கணக்கியல், பொறியியல், தாதியியல் படித்துவிட்டுத் தொழில் மாறி வந்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் "நானும் சொலிசிட்டராக வரலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கிறது. "உங்களிடம் சட்டப் பட்டம் இல்லையே" என்பது ஒன்று. "எங்களால் ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் (சொலிசிட்டராவதற்கான பயிற்சி ஒப்பந்தம்) தர முடியாது" என்பது மற்றது. இரண்டுமே 2021 செப்டம்பர் 1க்கு முன்பிருந்த நடைமுறையை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை.

அன்றிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டராவதற்கு நான்கு விஷயங்கள் வேண்டும்: ஏதாவது ஒரு துறையில் பட்டம் அல்லது அதற்குச் சமமான தகுதி, எஸ்.கியூ.இ. எனப்படும் சொலிசிட்டர் தகுதிப் பரீட்சையின் இரண்டு கட்டங்களிலும் சித்தி, இரண்டு ஆண்டு தகுதிபெறும் பணி அனுபவம், நன்னடத்தைப் பரிசோதனை. பட்டம் சட்டத்தில் இருக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பெற்ற விஞ்ஞானப் பட்டமும் இங்குள்ள பட்டத்துக்குச் சமமானது என்று காட்டினால் போதும். பரீட்சைக்குப் பதியும்போது யாரும் பட்டத்தைக் கேட்பதில்லை, சொலிசிட்டராகச் சேர விண்ணப்பிக்கும்போதுதான் கேட்பார்கள். அதனால் ஒப்பீட்டுச் சான்றை முதலிலேயே எடுத்து வைக்கும்படி தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள். பரீட்சைக் கட்டணம் எல்லாம் கட்டி முடித்த பிறகு பட்டத்தில் சிக்கல் வருவது பெரிய கொடுமை.

இந்த மடலை எழுதுவதற்குக் காரணம் மூன்றாவது விஷயமான பணி அனுபவம். அதைத் தரக்கூடியவர்கள் நீங்கள். தரத் தயங்குகிறவர்களும் நீங்களே.

ட்ரெயினிங் கொன்ட்ராக்ட் தருவதற்கு நிறுவனம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டியிருந்தது. தகுதிபெறும் அனுபவத்துக்கு அப்படி எந்த அனுமதியும் இல்லை. அது முழுநேரமாக இரண்டு ஆண்டுகள், அல்லது அதற்கு ஈடான பகுதிநேரம். அதிகபட்சம் நான்கு நிறுவனங்களில் பெற்றதைச் சேர்த்துக் கணக்குக் காட்டலாம். சம்பள வேலையும் செல்லும், லோ சென்டரில் (இலவசச் சட்ட உதவி நிலையத்தில்) செய்த தொண்டும் செல்லும், வெளிநாட்டில் செய்த சட்ட வேலையும் செல்லும். 2021க்கு முன் செய்ததும் செல்லும், எவ்வளவு பழையது என்பதற்கு எல்லை வைக்கப்படவில்லை. வேலை மட்டும் உண்மையான சட்டச் சேவையாக இருக்க வேண்டும். பாவனை வழக்குகளும் வகுப்பறைப் பயிற்சிகளும் கணக்கில் வராது. தொலைபேசி எடுப்பதும் கோப்புகளை ஸ்கேன் செய்வதும் மட்டுமே வேலை என்றால் அதுவும் சேராது. அப்படிப்பட்ட காலத்துக்குக் கையொப்பம் கேட்டால் நீங்கள் மறுப்பது நியாயம்.

உங்கள் தயக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். "இவர் நல்ல சொலிசிட்டராக வருவார் என்று நான் எப்படிப் பொறுப்பேற்பது?" என்று கேட்கிறீர்கள். விதி அதை உங்களிடம் கேட்கவே இல்லை. நீங்கள் உறுதிப்படுத்துவது மூன்று. இவர் இத்தனை மாதம் இங்கே வேலை செய்தார். அந்த வேலையில் சொலிசிட்டருக்கான திறன் அறிக்கையில் சொல்லப்பட்ட திறன்களில் குறைந்தது இரண்டையாவது வளர்த்துக்கொள்ள இவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. இவருடைய நடத்தையையும் தகுதியையும் பற்றிக் கவலைப்படும்படி எதுவும் எழவில்லை, எழுந்திருந்தால் அது இது. அவ்வளவுதான். திறமையை அளப்பது பரீட்சையின் வேலை என்பதால்தான் இந்தப் பிரிப்பே செய்யப்பட்டது.

கையொப்பமிடுபவர் நிறுவனத்தில் உள்ள சொலிசிட்டராகவோ அதன் கொல்ப் பொறுப்பாளராகவோ (நிறுவனம் விதிப்படி நடப்பதைக் கவனிப்பவராகவோ) இருக்கலாம். இருவருமே இல்லாத இடமென்றால் வெளியிலுள்ள சொலிசிட்டரும் செய்யலாம். ஆனால் அவர் அந்த வேலையை நேரடியாக அறிந்திருக்க வேண்டும், செய்யப்பட்டதைப் பார்வையிட்டிருக்க வேண்டும், மேற்பார்வையாளரின் கருத்தையும் பெற்றிருக்க வேண்டும். தெரிந்தவர் என்பதற்காக முகம் பார்த்துப் போடும் கையொப்பம் உங்கள் சொந்த உரிமத்துக்கே ஆபத்து.

நடைமுறை சிறியது. வேலை செய்தவர் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஸ்.ஆர்.ஏ.யின் இணையக் கணக்கில் காலத்தையும் இடத்தையும் பதிந்து உங்கள் எஸ்.ஆர்.ஏ. எண்ணைத் தருவார். உங்களுக்கு மின்னஞ்சல் வரும், அதில் உறுதிப்படுத்துவீர்கள். வேலை நடந்த காலத்தில் பதிவு எழுதப்பட்டிருந்தால் இதற்கு அதிக நேரம் எடுக்காது. எழுதப்படாதபோதுதான் எல்லாம் கெடுகிறது. மூன்று ஆண்டு கழித்து வந்து கேட்பார். அதற்குள் மேற்பார்வை செய்த சொலிசிட்டர் ஓய்வு பெற்றிருப்பார், அல்லது அலுவலகம் இன்னொன்றோடு இணைந்திருக்கும். எந்த வழக்கில் என்ன செய்தார் என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே எங்களது முதல் வேண்டுகோள்: வேலைக்குச் சேரும் நாளிலேயே இதைப் பேசி எழுத்தில் வையுங்கள். அனுபவமாகக் கணக்கிடப்படுமா, கையொப்பமிடப் போவது யார், அவர் விலகினால் அடுத்தவர் யார் என்று மூன்று வரி போதும். வாரத்துக்கு ஒருமுறை பணியாளர் தன் பதிவை எழுதட்டும். எழுதுவதற்கான மாதிரிப் படிவத்தை எஸ்.ஆர்.ஏ.யே தருகிறது. "சாட்சி வாக்குமூலம் எழுதினேன்" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. வாக்குமூலத்தின் முதல் வரைவை எழுதினார், திகதி முரண்பாட்டைக் கண்டுபிடித்தார், கட்சிக்காரரிடம் மறுபடி கேட்டுத் திருத்தினார் என்று இருக்க வேண்டும். கட்சிக்காரரின் பெயர் அதில் வரவே கூடாது, கோப்பு இலக்கம் போதும். மாதம் ஒருமுறை நீங்கள் அதை வாசித்து ஒரு வரி எழுதினால், இரண்டு ஆண்டு முடிவில் யோசிக்க ஒன்றும் இருக்காது. விலகிப் போகிறவருக்கு அப்போதே உறுதிப்படுத்திக் கொடுங்கள். வாரம் இரண்டு நாள் மட்டும் வருபவருக்கு இரண்டு ஆண்டு என்பது ஐந்து ஆண்டு ஆகிவிடும் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முழுநேரம் என்றால் எத்தனை மணி என்று விதியில் எழுதப்படாததால் இந்தக் கணக்கில்தான் மனக்கசப்பு வருகிறது.

பரீட்சையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு உங்களிடமிருந்து விடுமுறை வேண்டும். முதல் கட்டத்தில் இரண்டு தாள்கள், வேறு வேறு நாள்களில். ஒவ்வொன்றிலும் 180 கேள்விகள், மொத்தம் 360. 90 கேள்விகளுக்கு 2 மணி 33 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு 102 விநாடி. புத்தகம் பார்க்க முடியாது. ஒப்பந்தம், குற்றவியல், நிலம், அறக்கட்டளை, உயில் எல்லாம் வரும். சொலிசிட்டர் கணக்குகளும் வரும், கணக்காளராக இருந்தவருக்கு அதில் சற்று ஆறுதல். வேறு துறைப் பட்டதாரியைச் சட்டத்துக்கு மாற்றும் படிப்பு இப்போது கட்டாயமில்லை. அதை நம்பி அடிப்படைப் பாடங்களைத் தவிர்த்துவிட்டுக் கேள்வித்தாள் பயிற்சிக்கு மட்டும் போகிறவர்கள்தான் நிலச் சட்டத்திலும் அறக்கட்டளையிலும் தடுக்கி விழுகிறார்கள். முதல் கட்டம் 2021 நவம்பரில் முதன்முதலாக நடந்தபோது சித்தியடைந்தோர் 53 சதவீதம், 2024 ஜூலையில் 44 சதவீதம். ஆறு ஆண்டுக்குள் மூன்று முறைதான் எழுதலாம். ஆகவே தயாராகாத ஒருவரை "போய் எழுதிப் பாருங்கள்" என்று உற்சாகப்படுத்தாதீர்கள். இரண்டாம் கட்டத்தில் 12 எழுத்துப் பணிகளும் 4 வாய்மொழிப் பணிகளும். கட்சிக்காரரைச் சந்திப்பது, வாதாடுவது, ஆவணம் வரைவது எல்லாம் உங்கள் மேசையில் தினமும் நடப்பவை. உங்களோடு உட்கார்ந்து அதைப் பார்த்தவருக்குப் பெரிய பலம் உண்டு.

பணம் பெரும் சுமை. தொடக்கத்தில் இரு கட்டங்களுக்கும் சேர்த்து 3,980 பவுணாக இருந்த பரீட்சைக் கட்டணம் 2024 செப்டம்பரில் 4,790 பவுணாகியது. படிப்புச் செலவு இதற்கு மேல். முதுகலைப் பட்டத்தோடு இணைந்த பயிற்சிக்கு மட்டுமே அரசு மாணவர் கடன் கிடைக்கும், ஏற்கெனவே முதுகலை முடித்துவிட்டுத் தொழில் மாறுகிறவருக்கு அந்தக் கதவும் மூடியிருக்கும். இங்கிலாந்தில் ஏழாம் நிலைத் (முதுகலை மட்டத்துத்) தொழிற்பயிலுநர் நிதியும் 2026 ஜனவரியிலிருந்து பெரும்பாலும் 21 வயது வரையுள்ளவர்களுக்கே. முப்பது, நாற்பது வயதில் வருகிறவர் தன் சேமிப்பைத்தான் உடைக்கிறார். அவருடைய பரீட்சைக் கட்டணத்தை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்கவில்லை. முதல் கட்டத்துக்கு முன் இரண்டு வாரமாவது விடுமுறை தாருங்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அனுபவம் தருகிறோம் என்று சொல்லிச் சம்பளமில்லாமல் முழுநேரம் வேலை வாங்காதீர்கள். தொழிலாளியாக வேலை செய்பவருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் உங்கள் அலுவலகத்திலும் பொருந்தும். கையொப்பத்துக்கு விலை வைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது.

உங்களிடம் இப்போது வேலை செய்கிறவர்களின் பட்டியலை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். சட்டச் சேவை செய்கிற, பட்டம் உள்ள ஒவ்வொருவரையும் அழைத்து, அவர் சேர்ந்த திகதியிலிருந்து எவ்வளவு காலம் தேறுகிறது என்று சேர்ந்து கணக்கிடுங்கள். சிலருக்கு இரண்டு ஆண்டு ஏற்கெனவே முடிந்திருக்கும்.

அன்புடன்,
தொழில் மாறிச் சட்டத்துறைக்கு வருவோருக்கு வழிகாட்டும் குழுவினர்