அப்பாவை நாங்கள் கைவிடவில்லை

தம்பி முருகனுக்கு அம்மா எழுதுவது.

"ஏம்மா, அப்பாவை அப்படியே விட்டுட்டீங்களா?" என்று நேற்று போனில் கேட்டாய். அப்பா பக்கத்திலேயே இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். அந்தக் கேள்வியோடு நீ அங்கே தூங்காமல் கிடக்கக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

விடவில்லை, ராசா. கணையத்தில் வந்த கட்டி ஈரலுக்குப் பரவிவிட்டது. இனி கீமோவை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் மாமா வேறு இடத்திலும் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்டார், அங்கும் அதே பதில்தான். கீமோவை நிறுத்தினோம், வைத்தியம் நடக்கிறது.

வலியையும் அவதியையும் தணிக்கிற பேலியேட்டிவ் கேர் டாக்டர், வலிக்கு மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி இருக்கிறதோ இல்லையோ, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி ஏறிய பிறகு கொடுத்தால் அடக்குவது கஷ்டம். கூடவே மலம் இளக ஒரு மருந்து. மார்பினுக்கு மலச்சிக்கல் வந்தே தீரும். "போதை மருந்தாச்சே, பழகிடாதா?" என்று அத்தை பயந்தாள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம் என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினார்கள். முன்பெல்லாம் இந்த மாத்திரை கிடைப்பதே குதிரைக்கொம்பாம். 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தில் அவ்வளவு கெடுபிடி. கேரளத்து டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடியதில்தான் 2014-இல் அதைத் திருத்தினார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். முழங்காலை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் குனிந்தே உட்கார்ந்திருந்த மனுஷன், இப்போது மல்லாந்து படுத்துத் தூங்குகிறார். காலையில் பேப்பர் கேட்கிறார்.

அரசாங்கத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வீட்டுக்கே வருகிறார். முதலில் முதுகையும் குதிகாலையும் தடவிப் பார்ப்பார், எங்காவது சிவந்திருக்கிறதா என்று. படுத்தே இருக்கும் நாள் வந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று எனக்கும் அத்தைக்கும் செய்தே காட்டினார். ஒருநாள் அப்பாவிடம், "உங்க உடம்புக்கு என்னன்னு யாராவது சொன்னாங்களா ஐயா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. அப்பா சாதாரணமாக, "எல்லாம் தெரியும்மா. இவ பயந்துடுவாளேன்னுதான் வாயைத் திறக்கலை" என்றார். அன்றைக்குப் பிறகு எங்களுக்குள் ஒளிவுமறைவு இல்லை. பேங்க் விஷயம், நிலத்துப் பத்திரம், உன் தங்கை கல்யாணம் எல்லாம் மனசு விட்டுப் பேசுகிறோம்.

சாப்பிடவில்லையே, டிரிப்ஸ் ஏற்றச் சொல் என்கிறாய். உன் தவிப்பு புரிகிறது, எனக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் இந்த நிலையில் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனால் காலும் வயிறும் வீங்கி மூச்சுத் திணறும் என்கிறார்கள். அவர் கேட்பதை, கேட்கும் அளவு கொடுக்கிறேன். நேற்று நாலு ஸ்பூன் மிளகு ரசம் ருசித்துக் குடித்தார்.

அப்புறம் ஐசியு விஷயம். மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டாம் என்று அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு சாட்சிகள் முன்னால், நோட்டரி சான்றோடு. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதற்கு வழிசெய்து, 2023-இல் நடைமுறையையும் எளிதாக்கிவிட்டது. ஒரு நகல் உனக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டுக் கோபம் வந்தால் என்னிடம் காட்டு, அவரிடம் வேண்டாம்.

பணம் அனுப்பாதே, இருக்கிறது. லீவைக் கடைசிக்கென்று சேர்த்து வைக்காமல் இப்போதே வா. காலை நேரங்களில் அப்பா தெளிவாக இருக்கிறார், உன்னோடு உட்கார்ந்து பேச ஆசைப்படுகிறார். பேத்தியையும் கூட்டி வா. பார்த்தால் பயந்துவிடுவாள் என்று விட்டுவிட்டு வராதே. டிக்கெட் போட்டதும் மாமாவுக்குச் சொல்லு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அவர் கார் எடுத்துக்கொண்டு வருவார்.

அன்புடன்,
அம்மா