ஒரே ஒரு வரி தானேன்னு ஒட்டிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க தொழில்நுட்பப் பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன். சைட்டுக்கு வர்றவங்க என்ன பாக்கறாங்க, எங்க கிளிக் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கவும், ஆளுக்கு ஏத்த மாதிரி பேஜை மாத்திக் காட்டவும் ஒரு ஸ்கிரிப்ட் (பிரவுசர்ல ஓடற குட்டி புரோகிராம்) சேத்தா போதும், பேஜ் கோடோட மேல இருக்கற ஹெட் பகுதில ஒரே ஒரு வரி, அஞ்சு நிமிஷ வேலைன்னு போட்டிருந்தீங்க. அஞ்சு நிமிஷம்ங்கறது சரி தான், பத்து வருஷத்துக்கு மேல நான் இந்த ஒட்டுற வேலைய தான் பாத்துட்டு இருக்கேன், ரெண்டு நிமிஷத்துலயே கூட முடிச்சிருக்கேன். ஒட்டுனதுக்கு அப்புறம் நடக்கறத உங்க கட்டுரை சொல்லல. அதுக்காக தான் இந்த கடிதம், நீளமா போனா வெட்டிக்கோங்க.

அந்த ஒரு வரி வேற ஒருத்தரோட சர்வர்ல இருந்து ஒரு ஃபைலை எடுத்துட்டு வந்து நம்ம பேஜுக்குள்ள ஓட விடுது, அவ்ளோ தான் அதோட வேலை. இன்னிக்கு அந்த ஃபைல்ல என்ன இருக்குன்னு வேணா நாம திறந்து பாக்கலாம், நாளைக்கு அவங்க அதை மாத்துனா யாரும் நமக்கு போன் பண்ணி சொல்ல மாட்டாங்க. இது நம்ம கோடு, அது அடுத்தவங்க கோடுன்னு பிரவுசர் பிரிச்சுப் பாக்கறதும் கிடையாது. ஒரே பேஜ்ல ஓடுனா ரெண்டுக்கும் ஒரே அதிகாரம், ஃபார்ம்ல டைப் பண்றத படிக்கலாம், பட்டனை மாத்தலாம், எழுத்தை அழிச்சு வேற எழுதலாம். 2018ல டிக்கெட் விக்கற டிக்கெட்மாஸ்டர் சைட்ல நடந்தது இதான். அவங்க பேமென்ட் பேஜ்ல சேத்து வெச்சிருந்த ஒரு சாட் ஸ்கிரிப்டுக்குள்ள திருடங்க கைய வெச்சாங்க, கார்டு விவரம் எல்லாம் வெளிய போச்சு. 2020ல பிரிட்டன்ல 12.5 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டாங்க, ஸ்கிரிப்ட் எழுதுனவங்களுக்கு இல்ல, அதை தன் பேஜ்ல ஒட்டுன டிக்கெட்மாஸ்டருக்கு. 2024 ஜூன்ல பாலிஃபில் (பழைய பிரவுசர்லயும் புது வசதி ஓட உதவற ஸ்கிரிப்ட்) கதை இன்னும் மோசம். வருஷக்கணக்கா எல்லாரும் நம்பி சேத்து வெச்சிருந்த டொமைன் (இணைய முகவரி) அது, கை மாறுன கொஞ்ச மாசத்துல ஒரு லட்சத்துக்கும் மேல சைட்ல கெட்ட கோடை இறக்கிட்டாங்க. அந்த சைட்காரங்க யாரும் அன்னிக்கு ஒரு எழுத்து கூட மாத்தல.

இந்த ஸ்கிரிப்டெல்லாம் வந்தவரை அடையாளம் வெச்சுக்க குக்கீய தான் நம்பியிருக்கு, அதாவது சைட் நம்ம பிரவுசர்ல போட்டு வெக்கற சின்ன குறிப்பு. குக்கீ பிறந்தப்போ இவ்ளோ பெரிய ஆசையெல்லாம் அதுக்கு கிடையாது. 1994ல நெட்ஸ்கேப்ங்கற பிரவுசர் கம்பெனில வேலை பாத்த லூ மான்டுல்லி, வந்தவரையே சைட் ஞாபகம் வெச்சுக்க ஒரு வழி வேணும்னு செஞ்ச சின்ன விஷயம் அது. அப்புறம் ஒரே கம்பெனியோட ஸ்கிரிப்ட் ஆயிரம் சைட்ல ஒட்டிக்கிட்டதும் ஒரே ஆள் எங்கெங்க போறாருன்னு கோர்த்து பாக்க முடிஞ்சுது. 2019ல ஃபயர்ஃபாக்ஸ் டிராக்கிங் குக்கீய தடுக்க ஆரம்பிச்சுது, 2020ல சஃபாரி மூணாம் நபர் குக்கீய (நாம திறந்த சைட் இல்லாம வேற டொமைன் போடறது) மொத்தமா நிறுத்திடுச்சு, குரோமும் ரெண்டு வருஷத்துல நிறுத்தறேன்னு 2020லயே சொல்லிட்டு தள்ளி தள்ளி வெச்சு 2024ல பின்வாங்கிடுச்சு. அதனால இப்போ ஸ்கிரிப்ட் விக்கறவங்க டெவலப்பர் கிட்ட வந்து, டிஎன்எஸ்ல (எந்த பேர் எந்த சர்வருக்கு போகணும்னு சொல்ற பதிவு) ஒரு சின்ன எண்ட்ரி மட்டும் போட்டுக் குடுங்கன்னு கேக்கறாங்க. போட்டா அவங்க சர்வர் நம்ம சப்டொமைன் பேர்ல, அதாவது நம்ம முகவரிக்குள்ள ஒரு கிளைப் பேர்ல நிக்கும், நிறைய பிரவுசர் வீட்டு ஆள்னு நினைச்சு விட்டுடும். இதை எத்தனை பேர் புரிஞ்சு போட்டுக் குடுக்கறாங்கன்னு எனக்கு சந்தேகம் தான், முதல் தடவ நானே புரியாம தான் போட்டேன்.

ஆளுக்கு ஏத்த மாதிரி பேஜை மாத்தறத பத்தி கட்டுரைல ரொம்ப பெருமையா எழுதியிருந்தாங்க. ஸ்கிரிப்ட் வந்து, இவர் யாருன்னு சர்வரை கேட்டு, பதில் வந்து, அப்புறம் தான் தலைப்பை மாத்தும். அதுக்குள்ள பழைய பேஜ் ஒரு நொடி தெரிஞ்சு டக்குனு மாறும், பாக்க அசிங்கமா இருக்கும். இதுக்கு வைத்தியமா இன்னொரு குட்டி கோடு குடுப்பாங்க, பதில் வர்ற வரைக்கும் பேஜையே மறைச்சு வெச்சிடும். கூகுள் ஆப்டிமைஸ்னு ஒண்ணு இருந்துச்சு (2023ல மூடிட்டாங்க), அதுல இந்த மறைக்கிற நேரம் 4 நொடி வரைக்கும் போகும். ஆட் பிளாக்கர் (விளம்பரத்தையும் டிராக்கிங் ஸ்கிரிப்டையும் தடுக்கறது) வெச்சிருக்கவங்களுக்கு அந்த ஸ்கிரிப்ட் பெரும்பாலும் வரவே வராது, ஆனா மறைக்கிற கோடு நம்ம பேஜ்லயே இருக்கறதால அது மட்டும் ஒழுங்கா வேலை செய்யும், முழுசா 4 நொடி வெள்ளை பேஜ். எங்க ஆபீஸ்ல யாருக்குமே இது தெரியல, ஏன்னா டெஸ்ட் பண்ற மெஷின்ல ஆட் பிளாக்கர் இல்ல. சைட் செத்துப் போச்சான்னு கேட்டு மெயில் வந்தப்புறம் தான் தேடிக் கண்டுபிடிச்சேன், ரெண்டு நாள் ஆச்சு. இன்னொரு கூத்து, ஸ்கிரிப்ட் போடற குக்கீக்கு சஃபாரில 7 நாள் தான் ஆயுசு. வருஷக்கணக்கா வர்ற ஆள் பத்து நாள் கழிச்சு வந்தா புது ஆள்னு நினைச்சு முதல் வருகைக்கு நல்வரவுன்னு போடும், ரிப்போர்ட்லயும் புது ஆள்னே ஏறும், அந்த நம்பரை பாத்துட்டு மீட்டிங்ல கை தட்டுவாங்க.

இதெல்லாம் கூட போகட்டும். என்னை நிஜமாவே உறுத்தறது வேற. சில வருஷம் முன்னாடி ஒரு க்ளையன்ட் சைட்ல, வர்றவங்களோட மவுஸ் நகர்றது, ஸ்க்ரோல் பண்றது எல்லாம் வீடியோ மாதிரி ரெகார்ட் பண்ற ஸ்கிரிப்டை சேத்தேன். ஃபார்ம்ல டைப் பண்றத மறைக்கிற செட்டிங்கை ஆன் பண்ணணும், நான் பண்ணல, டாக்குமென்டேஷனை முழுசா படிக்கல, தப்பு என்னோடது தான். மறுநாள் உக்காந்து ஒரு ரெகார்டிங்கை பாக்கறேன், யாரோ ஒருத்தர் புகார் பெட்டில தன் உடம்பு நிலைமைய பத்தி நாலு வரி எழுதறாரு, நிறுத்தறாரு, எல்லாத்தையும் அழிக்கறாரு, அப்புறம் "தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லவும்"னு மட்டும் எழுதி அனுப்பறாரு. அவர் அனுப்பாத நாலு வரிய நான் படிச்சிட்டேன். அவர் யாருக்கும் சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ணின விஷயம் அது. உடனே ஸ்கிரிப்டை தூக்குனேன், இருந்த ரெகார்டிங்கை எல்லாம் அழிக்க சொல்லி எழுதுனேன், ஆனா படிச்சத என்ன பண்றது. 2017லயே பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க இந்த வகை ஸ்கிரிப்டை சோதிச்சு, சப்மிட் பண்ணாத எழுத்து கூட வெளிய போகுதுன்னு எழுதி வெச்சிருந்தாங்க, நான் தான் லேட்டா தெரிஞ்சுக்கிட்டேன்.

அனுமதி கேக்கற பேனர் இருக்கேன்னு சொல்வாங்க. நிறைய சைட்ல பேனர் வர்றதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் ஓடி முடிச்சிடும், அப்புறம் கேக்கறது சாப்பிட்டு முடிச்சு கை கழுவினவன் கிட்ட இலை போடட்டுமான்னு கேக்கற மாதிரி. நீங்களே பாக்கலாம், பிரைவேட் விண்டோல ஒரு சைட்டை திறங்க, பேனர்ல எதையும் தொடாதீங்க, எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேபை (பேஜ் எங்கெங்க இருந்து என்ன எடுக்குதுன்னு காட்டும்) திறந்து வெச்சு ஒரு தடவ ரீலோட் பண்ணுங்க, அந்த சைட் பேர் இல்லாத டொமைன் எத்தனை ஓடுதுன்னு எண்ணுங்க. இன்னொண்ணு, சரின்னு சொல்ல ஒரு பட்டன் இருக்கும், வேண்டாம்னு சொல்ல நாலு பேஜ் உள்ள போகணும். இதுக்காகவே பிரான்ஸ்ல கூகுளுக்கு 15 கோடி யூரோ, பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோன்னு அபராதம் போட்டதா 2022 ஜனவரில அறிவிச்சாங்க.

ஸ்கிரிப்டே சேக்காதீங்கன்னு நான் சொல்லல, எத்தனை பேர் வந்தாங்கன்னு தெரியாம சைட் நடத்த முடியாது, என் சம்பளமும் அதுல தான் இருக்கு. ஆனா அடுத்த தடவ எழுதும்போது இதையும் எழுதுங்க: ஆள் சரின்னு சொன்னப்புறம் தான் ஸ்கிரிப்ட் லோட் ஆகணும், லாகின் பேஜ்லயும் பணம் கட்டற பேஜ்லயும் அது எட்டிப் பாக்கவே கூடாது, யார் கேட்டு எதுக்கு சேத்தோம், எப்ப எடுக்கணும்னு ஒரு இடத்துல எழுதி வெக்கணும். டேக் மேனேஜரை (ஸ்கிரிப்டை எல்லாம் ஒரே இடத்துல சேத்து நடத்தற கருவி) திறந்து பாத்தா வேலைய விட்டுப் போனவங்க சேத்தது, முடிஞ்சு போன விளம்பரத்துக்கு சேத்ததுன்னு எல்லாம் இன்னும் ஓடிட்டு இருக்கும், எடுத்தா எதாவது உடைஞ்சிடுமோன்னு யாரும் கை வெக்க மாட்டாங்க.

கடைசியா ஒண்ணு, உங்க தொழில் சம்பந்தப்பட்டது. 2018 மே மாசம் ஐரோப்பால தனியுரிமை சட்டம் வந்தப்போ யுஎஸ்ஏ டுடே பத்திரிகை அங்க இருக்கவங்களுக்கு மட்டும் டிராக்கிங் ஸ்கிரிப்ட் இல்லாத சைட்டை குடுத்தாங்க, 5.2 எம்பி இருந்த பேஜ் 500 கேபி ஆச்சு. செய்தி அதே செய்தி தான். அதை படிச்சதுல இருந்து செய்தி சைட்னாலே நெட்வொர்க் டேபை திறந்து பாக்கற பழக்கம் எனக்கு வந்துடுச்சு. அந்த அஞ்சு நிமிஷ கட்டுரைய நான் படிச்சது உங்க சைட்ல தான், எத்தனை டொமைன் ஓடுதுன்னு எண்ணியும் பாத்தேன். நம்பரை இங்க எழுதல, உங்க டெக் டீமை எண்ண சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வெப் டெவலப்பர்