வாழைச்சேனைத் துறைமுகத்தில் நீர்மட்ட அளவுமானியும் வெள்ள எச்சரிக்கையும் கோரும் மனு

பெறுநர்:
மாவட்டச் செயலாளர் / அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு.

ஊடாக: பிரதேச செயலாளர், கோறளைப்பற்று, வாழைச்சேனை.

அனுப்புநர்: வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் தொழில் செய்யும் மீனவர்களும் துறைமுகத்தை அண்டிக் குடியிருப்போரும்.

ஐயா / அம்மணி,

எங்கள் துறைமுகம் திறந்த கடலோரத்தில் இல்லை, ஆற்று வாய்க்குள் இருக்கிறது. மேலிருந்து மாதுறு ஓயாத் தண்ணீர் வருகிறது. நாசிவன்தீவுப் பக்கமாகக் கடல் திறக்கிறது. மாரியில் இரண்டும் ஒரே நேரத்தில் பொங்கினால், தண்ணீர் போக வழியில்லாமல் இறங்குதுறை மீதும் அதையடுத்த ஒழுங்கைகளுக்குள்ளும்தான் ஏறும். அது எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத் துறைமுகத்திலேயே அளந்து, எங்களுக்கும் நேரத்தோடு சொல்ல ஏற்பாடு செய்து தருமாறு கேட்டே இந்த மனுவைச் சமர்ப்பிக்கிறோம்.

இப்போது நாங்கள் நம்பியிருப்பது டயர்களைத்தான். படகு உரசாமலிருக்க இறங்குதுறைச் சுவரில் பழைய லொறி டயர்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். கீழ் டயர் மறைந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று கணக்கு. மேல் டயரும் பாதி மூழ்கினால் வீட்டுக்குப் போன் எடுத்துச் சாமான்களை உயர்த்தி வைக்கச் சொல்கிறோம். பகலில் சரி. நடுச்சாமத்தில், கொட்டும் மழையில், கரண்டும் இல்லாத நேரத்தில் டயரை யார் போய்ப் பார்ப்பது? டயர் அறுந்து புதிதாகக் கட்டினால் பழைய கணக்கும் அதோடு போய்விடும்.

ஆழ்கடல் படகுகளை ஒன்றோடொன்று அணைத்துக் கட்டுகிறோம். தண்ணீர் ஏற ஏறக் கயிற்றை இளக்கிக் கொடுக்க வேண்டும். இளக்காவிட்டால் கயிறு ஒரு பக்கத்தைக் கீழே பிடித்து இழுக்க, மறுபக்கம் எழும்பிப் பக்கத்துப் படகில் மோதும். வடியும்போது வேறு தொல்லை: ஆற்று நீர் ஒரேயடியாகக் கடலுக்குப் பாய, நங்கூரம் இழுபடும். ஓரிரு மணித்தியாலம் முன்பே தெரிந்தால் இவற்றில் பாதியைத் தவிர்க்கலாம்.

எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது. அதனால்தான் அரை மீற்றர் கூடினாலே இங்கே பெரிய விடயம். வங்கக் கடலில் தாழமுக்கம் வந்தால், காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறையக் கடல் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் உயரும். அதன்மேல் வாடைக்காற்று தண்ணீரைக் கரையோடு தள்ளி வைத்திருக்கும். அமாவாசையோ பறுவமோ சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். அந்த நேரம் பார்த்து மாதுறு ஓயா நீர்த்தேக்கத்திலிருந்தும் தண்ணீர் திறந்தால் நிலைமை என்னவாகும் என்பதைத் தாங்களே அறிவீர்கள். வளிமண்டலவியல் திணைக்களம் காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் அறிவிக்கிறது, நாங்களும் கேட்டு நடக்கிறோம். ஆனால் அது நீண்ட கரைக்கெல்லாம் பொதுவான அறிவித்தல். எங்கள் இறங்குதுறையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது அதிலிருந்து தெரியாது.

1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம், 2025 நவம்பரில் டித்வாப் புயல் என்று எல்லாவற்றையும் பார்த்த கரை இது. தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊரில் கேட்டால் ஒருவர் முழங்கால் என்பார், மற்றவர் இடுப்பு என்பார்.

ஆகவே முதலில், வரும் மாரிக்கு முன்பாக, இறங்குதுறையிலும் ஓட்டமாவடிப் பாலத் தூணிலும் சென்ரிமீற்றர் கோடு போட்ட அளவுகோல் பொருத்தித் தர வேண்டும். நில அளவைத் திணைக்களம் உயரம் அளந்து பதித்த மட்டக்குறியோடு ஒப்பிட்டுக் கடல் மட்டத்திலிருந்தான உயரம் அதில் குறிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு டயர்தான். இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்தால் ஏறுவது ஆற்று நீரா கடலா என்பது விளங்கும். பாலத்தில் கூடித் துறைமுகத்தில் கூடாவிட்டால் ஆறு. துறைமுகத்தில் முதலில் கூடினால் கடல்.

அடுத்தது தானியங்கி அளவுமானி. நாரா எனப்படும் தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனம் திருகோணமலையிலும் கிரிந்தையிலும் கடல் மட்டத்தை அளக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கரைக்கு வாழைச்சேனை நல்ல இடம். சூரிய மின்கலத்தில் இயங்கி, தொலைபேசி வலையமைப்பு வழியாகவே அளவை அனுப்பும் கருவி போதும். சுனாமி எச்சரிக்கைக்கும் அதே தரவு உதவும்.

அளந்தது அலுவலகத்தோடு நின்றுவிடக் கூடாது. எந்த அளவில் படகுகளைக் கவனிப்பது, எந்த அளவில் குடும்பங்களை நகர்த்துவது என்பதை எங்களோடு பேசித் தீர்மானிக்க வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117க்கு நாங்கள் அழைக்கலாம்தான், ஆனால் எச்சரிக்கை எங்களைத் தேடி வர வேண்டும். மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு கிராம உத்தியோகத்தருக்குச் சொன்னால், கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நீர்த்தேக்கத்தைத் திறக்கும் அறிவித்தலும் துறைமுகத்துக்கு நேரடியாக வர வேண்டும்.

முகத்துவாரத்தில் மணலை அள்ளி ஆழமாக்கும் கோரிக்கையை வேண்டுமென்றே இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இரண்டுமே கிடப்பில் போகும் என்ற பயம். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியதும், அயல் கரையைக் கடல் அரித்ததும் தாங்கள் அறிந்ததே. தண்ணீர்க் கணக்கு கையில் இருந்தால் மணல் பற்றி நாளை பேசும்போதும் ஆதாரத்தோடு பேசலாம்.

சம்பந்தப்பட்ட திணைக்களங்களை ஒரு நாள் இறங்குதுறைக்கே அழைத்துக் கூட்டம் ஒன்றை நடத்துமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம். அளவுகோல் வந்தால் காலை மாலை பார்த்து எழுதும் வேலையை நாங்களே முறைபோட்டுச் செய்வோம். கொப்பியும் பேனையும் எங்கள் செலவு.

இப்படிக்கு,
வாழைச்சேனைத் துறைமுக மீனவர்களும் குடியிருப்பாளர்களும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)