தேர்தல் இல்லாத நாட்களில் அவர்கள் செய்யும் வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாழும் லத்தீனோ மக்களைப் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை) பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கட்சிப் பக்கம் எத்தனை சதவீதம் சாய்ந்தது என்பதைத் தாண்டி அதில் ஒன்றும் இல்லை. நான் சான் ஆன்டோனியோவில் வசிக்கிறேன். மழைநீர் வடிகால் திட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். இந்நகரின் மேற்குப் பகுதியில் வாழும் மெக்சிகோ வம்சாவளி மக்கள் அரை நூற்றாண்டாகச் செய்துவரும் வேலையை வெறும் வாக்குக் கணக்காகச் சுருக்கிவிட்டது வருத்தமாக இருக்கிறது.

என் தொழில் வடிகால் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 1921 செப்டம்பரில் இங்கே பெருவெள்ளம் வந்தது. குறைந்தது ஐம்பது பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கே அலசான் ஓடைக் கரையில் குடியிருந்த ஏழைகள். அதன்பின் நகர நிர்வாகம் ஒல்மோஸ் அணையைக் கட்டியது. அந்த அணை நகர மையத்துக் கடைகளையும் வங்கிகளையும் காத்தது. அலசான், அப்பாச்சே ஓடைகளின் தண்ணீர் அந்த அணைக்குப் போவதே இல்லை. நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் பொறியியல் படிக்காதவருக்கும் இது தெரியும். ஆக, யார் செத்தார்களோ அவர்களுக்கு அணையால் பலன் இல்லை. அடுத்த ஐம்பது ஆண்டுகளும் மழை பெய்தால் மேற்குப் பகுதியின் தெருக்கள் ஓடைகளாயின. பிள்ளைகள் சேற்றில் நடந்து பள்ளிக்குப் போனார்கள்.

1970களின் தொடக்கத்தில் எர்னஸ்டோ கோர்ட்டெஸ் என்ற இளைஞர், தான் பிறந்த இந்த ஊருக்கே மக்கள் அமைப்பாளராகத் திரும்பி வந்தார். மேடை போடவில்லை. கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது தேவாலய வட்டாரங்களில், மற்றவர்கள் மதிக்கும் ஆட்கள் யார் யார் என்று விசாரித்து, நூற்றுக்கணக்கானவர்களைத் தனித்தனியாகச் சந்தித்தார். "உங்களை வாட்டும் பிரச்சினை எது?" என்று கேட்டுவிட்டுக் காது கொடுத்தார். பெரிய பெரிய அரசியல் கோரிக்கைகள் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். மக்கள் சொன்னதோ வெள்ளம், சாக்கடை, நடைபாதை.

அப்படித்தான் 1974இல் ‘காப்ஸ்’ (Communities Organized for Public Service) என்று சுருக்கமாக அழைக்கப்படும் மக்கள் அமைப்பு உருவானது. முதல் தலைவர் ஆண்ட்ரெஸ் சராபியா விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் தலைமைக்கு வந்த பியாட்ரிஸ் கயேகோ ஓர் இல்லத்தரசி. 1974 ஆகஸ்டில் மீண்டும் வெள்ளம் வந்தபோது, இவர்கள் அழுது முறையிடவில்லை. நகராட்சியின் பழைய கோப்புகளைத் தேடிப் படித்தார்கள். தங்கள் பகுதிக்கான ஒரு வடிகால் திட்டம் 1945 முதலே காகிதத்தில் தூங்குவதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கானோர் நகர மன்றத்துக்குள் நுழைந்து, ஏன் கட்டவில்லை என்று கேட்டார்கள். மேயரிடம் பதில் இல்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே சுமார் 4.6 கோடி டாலர் கடன் பத்திரத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து, பதினைந்து வடிகால் பணிகளுக்கு வழி பிறந்தது. என் பணிக்காலத்தில் எத்தனையோ நல்ல வரைபடங்கள் அலமாரியிலேயே மக்கிப்போனதைப் பார்த்தவன் நான். ஒரு திட்டத்தை அலமாரியிலிருந்து இறக்க என்ன வேண்டும் என்பதை இவர்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

மறு ஆண்டு, நகராட்சி பட்ஜெட்டுக்கு மாற்றாகத் தாங்கள் தயாரித்த பட்ஜெட்டைத் தொழிலதிபர்கள் கண்டுகொள்ளாதபோது, அவர்கள் வியாபாரத்தைத் தாமதப்படுத்த நகரின் பெரிய வங்கியில் வரிசையில் நின்று டாலர்களைச் சென்ட் காசுகளாக மாற்றினார்கள். திரும்ப வரிசையில் நின்று காசுகளை டாலர்களாக மாற்றினார்கள். பெரிய ஜவுளிக் கடைக்குப் போய் விலையுயர்ந்த உடைகளை, வாங்காமல், போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். நான் சுளிக்க மாட்டேன். ஒரு கண்ணாடி உடையவில்லை, ஒருவருக்கும் காயம் இல்லை, ஊர் அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

இதில் எங்களுக்கும் ஒரு கடன் இருக்கிறது. நகரின் வடக்கே எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்கு மழைநீர் இறங்கும் பகுதியின் மேல் மாபெரும் வணிக வளாகம் கட்ட அனுமதி கிடைத்தபோது, காப்ஸ் அமைப்பும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். 1976இல் நடந்த பொது வாக்கெடுப்பில் அந்த அனுமதியை மக்கள் பெருவாரியாக ரத்து செய்தார்கள். பிற்காலத்தில் வந்து வடக்கே வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் உட்பட நாங்கள் அனைவரும் குடிப்பது பெரும்பாலும் அந்த நிலத்தடி நீரைத்தான். அதைக் காக்க நின்றவர்கள் யார் என்று எங்களில் பலருக்குத் தெரியாது.

காப்ஸ் அமைப்பு தேர்தல் வேட்பாளர்களை அழைத்துக் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றுக்கு நான் போயிருக்கிறேன். பங்கு அரங்கில் மடக்கு நாற்காலிகள். எந்தக் கட்சிக்கும் ஆதரவு கிடையாது. ஒரு மூதாட்டி கையில் சிறு அட்டையை வைத்துக்கொண்டு, தொழிற்பயிற்சிக்கு நிதி ஒதுக்குவீர்களா என்று கேட்டார். வேட்பாளர் தன் பாட்டி பட்ட கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினார். மூதாட்டி மரியாதையாக இடைமறித்து, "ஆம் என்றா, இல்லை என்றா, ஐயா?" என்றார். "ஆம்" என்று பதில் வந்தது. பின்னால் இருந்த பலகையில் அது பெரிய எழுத்தில் ஏறியது. அந்தத் தொழிற்பயிற்சிக்கும் வரலாறு உண்டு. 1990இல் இங்கிருந்த லீவை ஸ்ட்ராஸ் ஆடை ஆலை மூடப்பட்டு ஆயிரம் பேருக்கு வேலை போனபின், இதே மக்கள் வற்புறுத்தி 1992இல் உருவாக்கிய பயிற்சித் திட்டம் இன்றும் நடக்கிறது.

இப்படிப்பட்ட வேலை எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. மெக்சிகோ வம்சாவளி மக்கள் வாழும் சிகாகோவின் லிட்டில் வில்லேஜ் பகுதியில் 2001இல் தாய்மார்கள் உட்பட சிலர் பத்தொன்பது நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். வாக்குறுதி தந்த உயர்நிலைப் பள்ளியைக் கட்டு என்பதுதான் கோரிக்கை. 2005இல் பள்ளி திறக்கப்பட்டது.

இப்பகுதிகளில் குடியுரிமை இல்லாதவர்கள், ஆவணம் இல்லாதவர்கள், வயது வராதவர்கள் ஏராளம். அவர்களுக்கு வாக்கு இல்லை; ஆனால் அக்கம்பக்கத்தார் வீடுகளில் கூடிப் பேசும் கூட்டத்தில் இடம் உண்டு, பேச்சு உண்டு. வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் செய்தியாளர் கண்ணுக்கு இவர்கள் படவே மாட்டார்கள்.

அடுத்த முறை இம்மக்களைப் பற்றி எழுதும்போது தங்கள் செய்தியாளர் ஒரு பங்கு அரங்கில் ஒரு மாலை உட்காரட்டும். எந்தக் கோரிக்கை வைத்தார்கள், யார் ‘ஆம்’ என்றார்கள், சொன்னபடி செய்தார்களா என்று கேட்டு வெளியிடுங்கள். சான் ஆன்டோனியோ வருவதானால், ஓடைகளையும் வடிகால்களையும் கூட்டிச் சென்று காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வடிகால் பொறியாளர்,
சான் ஆன்டோனியோ, டெக்சாஸ்