நீ அனுப்பிய உப்பு

கல்லடி,
ஆவணி, வெள்ளிக்கிழமை

அன்பின் மகேசுக்கு,

நாங்கள் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டுகிறேன். கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை, முற்றமெல்லாம் புழுதி.

இரண்டு தரம் எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். விசயம் இதுதான்: பெரியக்கா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார். இப்போது நல்ல சுகம், பதறாதே. ஆனால் நடந்ததை முழுக்க உனக்குச் சொல்லத்தான் வேணும்.

அக்காவின் இருதயம் பலவீனம் என்பது உனக்குத் தெரியும். எனலாப்ரில், ஸ்பைரோனோலக்டோன், சலம் போகிற குளிசை, மூன்றும் தவறாமல் குடித்தார். காலை விரலால் அமத்தினால் பள்ளம் விழுந்த வீக்கமெல்லாம் வற்றி, திரும்பவும் தானே அடுப்படிக்குப் போகத் தொடங்கியிருந்தார். மாமாங்கத் தீர்த்தத்துக்கு நடந்தே போனார். அதோடு முழங்கால் வலி. கடையில் டைக்ளோபெனாக் வாங்கி வெற்றிலைப் பெட்டிக்குள் மடித்து வைத்து, நாளுக்கு இரண்டாக ஒரு கிழமை குடித்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். வெக்கைக்குக் காலையும் மாலையும் செவ்விளநீர். மறுகா, நீ அனுப்பிய லோ சோல்ட் உப்புப் போத்தல்.

ஒருநாள் விடியக் கிணற்றடியில் கால் துணிபோலத் துவண்டு இருந்துவிட்டார். மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு நிமிடத்துக்கு 38.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் பிள்ளை, "வேற என்னென்ன சாப்பிட்டவங்க? எல்லாத்தையும் கொண்டு வாங்க" என்றார். பையோடு கொண்டுபோய்க் கொட்டினேன். உன் போத்தலைத் திருப்பி, பின்னால் இருந்த சின்ன எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்: பொட்டாசியம் குளோரைட். இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 இலிருந்து 5 வரை இருக்க வேணும். அக்காவுக்கு 6.8. காலைத் துவளவைத்துத் துடிப்பை மெதுவாக்கியது அதுதானாம்.

எனலாப்ரிலும் ஸ்பைரோனோலக்டோனும் பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்தி வைக்கிற குளிசைகளாம். வலிக் குளிசை சிறுநீரகத்துக்குப் போகிற இரத்தத்தைக் குறைத்துவிடும், பிறகு பொட்டாசியம் சலத்தோடு சரியாக வெளியேறாது. இளநீரிலும் பொட்டாசியம், உப்பிலும் பொட்டாசியம். மாரியில் முகத்துவாரம் வெட்டாமல் விட்டால் வாவி வயல் வட்டைக்குள் ஏறுமே, அப்படித்தான் அக்காவின் உடம்பும். இருதயத்தைக் காக்க நரம்பில் கல்சியம் ஏற்றினார்கள். பிறகு குளுக்கோசோடு இன்சுலின். சீனி வருத்தம் இல்லாதவருக்கு இன்சுலினா என்று பதறிவிட்டேன். பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து கலங்களுக்குள் தள்ளத்தானாம்.

உன்னில் பிழையில்லை, மகேஸ். அக்காவின் பிரஷர் குறையட்டும் என்று அனுப்பினாய். அக்காவும் அதைத்தான் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் வேறு பிடிவாதம் பிடித்தார்: "அந்தக் குளிசையை இனித் தொடமாட்டன்." அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. 1987 இல் வெளிவந்த ஆய்வொன்று, இருதயம் மிகவும் பலவீனமான ஆட்களிடம் செய்தது. எனலாப்ரில் இல்லாதவர்களில் ஆறு மாதத்துக்குள் 44 வீதம் பேர் இறந்தார்கள், குடித்தவர்களில் 26 வீதம். இதைச் சொல்லி இரண்டு நாள் மன்றாடினேன். சிறுநீரகம் தெளிந்தபிறகு டொக்டர் 2.5 மில்லிகிராமில் திரும்பத் தொடங்கியிருக்கிறார், ஸ்பைரோனோலக்டோன் இப்போதைக்கு இல்லை. ஒரு கிழமையில் இரத்தம் சோதித்தோம், 4.6. கிளினிக் கொப்பியில் அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

எனலாப்ரில் குடும்பக் குளிசைகளின் வழிமூலம் பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சு, தெரியுமா? அது பிரஷரை விழுத்துவதைப் பார்த்து ஆராய்ந்துதான் கப்டோப்ரில் வந்தது. 1981 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வட்டையில் புடையனைக் கண்டு சாறனை விட்டுவிட்டு ஓடியவன் நீ! இப்போது ஒவ்வொரு காலையும் பாம்பின் தயவில் இருக்கிறாய்.

சரி, சிரித்தது போதும். நீ குடிக்கிற ரமிப்ரிலும் அதே குடும்பம்தான். அப்படியிருக்க, முதுகுவலிக்கு இபுப்ரோபென் போடுவதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதுவும் அக்கா குடித்தது மாதிரியான வலிக் குளிசைதான். டொக்டரைக் கேட்காமல் இனிப் போடாதே. உன் வீட்டிலும் அந்த உப்புத்தான் என்றால், அதையும் அவரிடம் காட்டு. ஆறு மாதமாக வறட்டு இருமல், கனடாக் குளிர் என்கிறாயே, அது குளிசையின் வேலையாக இருக்கலாம், நீயாக நிறுத்தாமல் கேள். உதடோ நாக்கோ வீங்கினால் அடுத்த குளிசை வேண்டாம், நேரே அவசர சிகிச்சைக்கு ஓடு. வாந்தி, வயிற்றோட்டம் பிடித்த நாளில் குடிப்பதா விடுவதா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வை.

எங்கள் வாத்தியார் கண்ணாடி சேர் போனதிலிருந்து பழைய ஆட்கள் என்று எனக்கு நீயும் அக்காவும்தான்.

அக்கா உன் போத்தலைக் கழுவி வெந்தயம் போட்டு வைத்திருக்கிறார், எறிய மனமில்லையாம். கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தாய், பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியட்டினினும் எத்தனை என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது.

அன்புடன்,
தவம்