ஆண்டறிக்கை: ஷன்ட் பொருத்தப்பட்டோரும் இதயப் பரிசோதனையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெற்றோர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் இவ்வாண்டும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவை மிகவும் கவலைகொள்ளச் செய்த ஒரு பொருளைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய், நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வயிற்றில்தான் முடிகிறது. முந்தைய தொற்றாலோ அறுவை சிகிச்சையாலோ வயிற்றுக்குள் ஒட்டுதல்கள் ஏற்பட்டு, அங்கே நீர் உறிஞ்சப்படாத நிலையில், கழுத்துச் சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்குக் குழாயைக் கொண்டுசெல்கிறார்கள். 1950களில் ஜான் ஹோல்டர் என்ற அமெரிக்கத் தொழில்நுட்பர் தம் மகனுக்காக சிலிக்கோன் வால்வை உருவாக்கிய பின் பல ஆண்டுகள் இதுவே பெருவழக்காக இருந்தது. இதன் சிக்கல்கள் தெளிவான பின்னரே வயிற்று முறை முதலிடம் பெற்றது.

இரத்த ஓட்டத்தில் கிடக்கும் குழாய் நுனியில் இரத்தம் உறைந்து, சிறு துணுக்குகள் ஆண்டுக்கணக்கில் நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொண்டால், நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறி, வலப்பக்க இதயம் தளர்ந்துவிடுகிறது. நம் உறுப்பினர் ஒருவரின் மகன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறான் என்று பல மாதங்கள் வீசிங் மருந்து கொடுக்கப்பட்டது. எக்கோ, அதாவது ஒலியலை மூலம் இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை, எடுத்த பிறகே உண்மைக் காரணம் தெரிந்தது. முன்பே எக்கோ எடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

தொற்றும் அதே அளவு அஞ்சத்தக்கது. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமி குழாயில் படிந்தால், விட்டுவிட்டு வரும் இலேசான காய்ச்சலும் இரத்தசோகையும் மட்டுமே நெடுநாள் தெரியலாம். இதய வால்வு பாதிக்கப்படலாம், சிறுநீரில் இரத்தமும் புரதமும் போகலாம். வளரும் குழந்தைக்கு இன்னொன்றும் உண்டு: உடல் நீள நீள, குழாய் நுனி மேலறையிலிருந்து மேலே இழுபட்டு அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு இருப்பதால், மார்பு எக்ஸ்ரேயில் அதன் இடத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும்.

குழாய் எங்கே முடிகிறது என்பதே தெரியாத குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. ஆகவே, டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வி.ஏ.’ (மூளையிலிருந்து இதய மேலறைக்குச் செல்லும் ஷன்ட்) என்று குறிக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பதிவேடு தொடங்கவும், காய்ச்சலுக்குப் போனாலும் மருத்துவரிடம் காட்டும்படி ‘இதயத்தில் முடியும் ஷன்ட்’ என்று அச்சிட்ட அட்டை வழங்கவும் செயற்குழு தீர்மானித்துள்ளது. எக்கோ எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை அவரவர் மருத்துவரே முடிவு செய்வார். உறுப்பினர்கள் தங்கள் சம்மரியின் நகலை இன்று புறப்படுவதற்கு முன் அலுவலக மேசையில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்